கராஜில் மரவேலை, வெளியே மறை 10: எந்த ஹீற்றர் வாங்கலாம்?

கேள்வி இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டோடு ஒட்டிய இரண்டு கார் கராஜ். 20 அடிக்கு 20 அடி, உயரம் 9 அடி. கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். ஒரு பக்கச் சுவர் மட்டும் வீட்டோடு சேர்ந்தது. மேலே அறை இல்லை, கூரைதான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை சனி ஞாயிறுகளில் நாலு மணித்தியாலம் மரவேலை, இடைக்கிடை காருக்கு பிறேக் மாற்றுவது. இதற்கு, நகர்த்தி வைக்கக்கூடிய ஹீற்றர் எது நல்லது? பாபெக்யூவுக்கு வாங்கிய புறொப்பேன் சிலிண்டர் கையில் இருப்பதால் அதையே பாவிக்கலாமா?

சுருக்கமான பதில்: முதலில் கதவையும் கூரையையும் குளிர் புகாதபடி இன்சுலேசன் போட்டு அடையுங்கள். பிறகு 240 வோல்ற்றில் ஓடும், 4,800 அல்லது 5,000 வாற் மின்சார ஹீற்றர் ஒன்றை, அதற்கென்றே தனியாக இழுத்த 30 அம்பியர் சேர்க்கிற்றில் பாவியுங்கள். புறொப்பேன் வேண்டாம். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள், புகைபோக்கி இல்லாமல் எரியும் எதுவுமே வேண்டாம். காரணங்கள் கீழே. இந்த முடிவுக்குக் கணக்கு முக்கியம் என்பதால் அதையும் முழுதாகத் தருகிறேன். உங்கள் கராஜின் அளவைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

கராஜை வீட்டுக்குள் இருப்பதுபோல 21 பாகையில் வைத்திருக்கத் தேவையில்லை. உடம்பு அசைந்து வேலை செய்யும் ஆளுக்கு ஜாக்கெற் இல்லாமல் 12 பாகை போதும். எல்லையைத் தீர்மானிப்பது ஆள் அல்ல, பசை. ரைட்பொண்ட் 2 பசைக்குக் குறைந்தபட்சம் 13 பாகை அளவில் வேண்டும், ரைட்பொண்ட் ஒரிஜினலுக்கு 10, ரைட்பொண்ட் 3க்கு 8. அதற்குக் கீழே போனால் பசை காய்ந்து வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் போல ஆகிவிடும், பிடிமானம் இருக்காது. இந்த வெப்பநிலை காற்றுக்கு மட்டுமல்ல, மரத்துக்கும் பசைக்கும் சேர்த்துத்தான். காற்று 15 பாகையில் இருக்கும்போது, இரவு முழுக்கக் குளிரில் கிடந்த மேப்பிள் பலகை 2 பாகையில் இருக்கலாம். எனவே 12 பாகையை இலக்காக வைத்து, பசை ஒட்டும் நாளில் பலகையையும் பசைப் போத்தலையும் முதல்நாள் இரவே வீட்டுக்குள் எடுத்துவைப்பதுதான் மலிவான வழி. குளிர்காலத்தில் ரைட்பொண்ட் 3 பாவிப்பது இன்னும் நல்லது.

இனிக் கணக்கு. வெளியே மறை 10, உள்ளே 12. வித்தியாசம் 22 செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 40 ஃபாரன்ஹீற். இங்கே இன்சுலேசன் எல்லாம் ஆர் எண்ணில் (சூடு வெளியே போவதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு), சதுர அடியில் விற்பதால் ஃபாரன்ஹீற்றில் கணக்குப் போடுவது சுகம்: பரப்பளவைச் சதுர அடியில் எடுத்து, வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஆர் எண்ணால் வகுத்தால் மணிக்கு இத்தனை பி.ரி.யு. (சூட்டை அளக்கும் அலகு) வெளியே போகிறது என்று வரும்.

வெளிச்சுவர்கள் மொத்தம் 428 சதுர அடி (வீட்டுச் சுவரை விட்டுவிடலாம்), கதவு 112, கூரை 400. இன்சுலேசன் எதுவும் இல்லாத நிலையில் சுவருக்கு ஆர் 4, ஒற்றைத் தகட்டுக் கதவுக்கு ஆர் 1, வெறும் ட்ரைவோல் மட்டும் உள்ள கூரைக்கு ஆர் 2 என்று எடுக்கிறேன். சுவரால் 4,280, கதவால் 4,480, கூரையால் 8,000. கொன்கிறீற் தரையின் வெளி விளிம்பால் 2,000க்குச் சற்றுக் குறைவு. கதவு இடுக்குகளால் மணிக்கு ஒன்றரைத் தடவை முழுக் காற்றும் மாறுகிறது என்று வைத்தால் அதற்கு 3,900. கூட்டினால் மணிக்கு 22,500 பி.ரி.யு. அளவில் வரும். மின்சாரத்தில் சொன்னால் 6.6 கிலோவாற்.

அதே கராஜில் இன்சுலேசன் போட்டால் சுவருக்கு ஆர் 12, கதவுக்கு ஆர் 6, கூரைக்கு ஆர் 30, காற்று மாறுவது பாதி. இப்போது சுவரால் 1,430, கதவால் 750, கூரையால் 530, காற்றால் 1,950, தரை அதேதான். மொத்தம் 6,600. மின்சாரத்தில் 1.9 கிலோவாற். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த இரண்டு எண்களும் எதைச் சொல்கின்றன என்று பாருங்கள். கடையில் முதலில் கண்ணில் படும் 1,500 வாற் ஹீற்றரை இன்சுலேசன் இல்லாத கராஜில் ஓடவிட்டால், எவ்வளவு நேரம் ஓடினாலும் வெளியிலும் பார்க்க 5 பாகைதான் கூடும். வெளியே மறை 10 என்றால் உள்ளே மறை 5. இன்சுலேசன் போட்ட கராஜில் அதே ஹீற்றர் 7 பாகை வரை கொண்டுபோகும். 5,000 வாற் ஹீற்றரும் இன்சுலேசன் இல்லாத கராஜில் அந்த 7 பாகையோடுதான் நின்றுவிடும்! ஆனால் அடைத்த கராஜில், வெளியே மறை 20 என்றாலும் 12 பாகையைப் பிடித்துவைக்க 2.8 கிலோவாற் போதும். மீதிச் சக்தி விரைவாகச் சூடாக்க உதவும். ஆகவே 400 டொலர் ஹீற்றருக்குச் செலவழிக்க இருப்பவர் முதல் 200 டொலரைக் கூரைக்கும் கதவுக்கும் போடவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் காசு போய்க்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் போகாது.

அடைப்பதில் எதை முதலில் செய்வது? கூரை. மேலேறிப் பார்த்தால் வெறும் ட்ரைவோலின் முதுகுதான் தெரிகிறதா, அதன்மேல் ஆர் 30 அளவுக்கு இன்சுலேசன் பரப்புங்கள். கூரைச் சட்டங்கள் அப்படியே திறந்து கிடந்தால் முதலில் ட்ரைவோல் அடிக்கவேண்டும். அதுவரை எந்த ஹீற்றரும் கூரை உச்சியைத்தான் சூடாக்கும். சட்டங்களின் அடியில், அதாவது சூடான பக்கத்தில், ஆவித் தடுப்புப் பொலித்தீன் வரவேண்டும். பிறகு கதவின் அடி இறப்பர். ஒரு பகல் நேரத்தில் உள்ளே நின்று விளக்கை அணைத்துப் பாருங்கள்: எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் காற்று வருகிறது. பெரும்பாலும் கீழ் இரண்டு மூலைகளிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அடி இறப்பரும் இரு பக்கச் சீல் பட்டிகளும் சேர்த்து ஒரு பின்னேர வேலை.

கதவுத் தகடுகளுக்குள் செருகும் பொலிஸ்ரைரீன் பலகைத் தொகுதிகள் விற்கிறார்கள். நல்லவைதான், ஆனால் அவை கதவின் பாரத்தைக் கூட்டும். மேலே உள்ள சுருள் விற்கள் பழைய பாரத்துக்கு முறுக்கப்பட்டவை. பலகை போட்ட பிறகு மோட்டரைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் இடுப்பளவுக்கு உயர்த்தி விடுங்கள். அப்படியே நின்றால் சரி. கீழே இறங்கினால் வில்லைத் திருத்தவேண்டும். அதை நீங்களே செய்யவேண்டாம்; முறுக்கிய வில் கை எலும்பை முறிக்கும் அளவுக்கு விசையோடு இருக்கும். கராஜ் கதவுக்காரரைக் கூப்பிடுங்கள். திருத்தாமல் விட்டால் மோட்டரின் பல்லுச் சக்கரம் தேய்ந்துபோகும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. 400 சதுர அடியில் 4 அங்குலக் கொன்கிறீற் கிட்டத்தட்ட 19,000 இறாத்தல். அதை 10 ஃபாரன்ஹீற் கூட்டுவதற்கே 38,000 பி.ரி.யு.வுக்கு மேல் வேண்டும். அறைக் காற்று முழுவதையும் 40 ஃபாரன்ஹீற் கூட்ட 2,600 போதும். அதனால்தான் ஹீற்றர் போட்டுப் பத்து நிமிடத்தில் முகம் சூடாகிறது, இரண்டு மணி நேரம் கழித்தும் கால் விறைக்கிறது. இதற்குப் பெரிய ஹீற்றர் மருந்தல்ல. வேலை மேசைக்கு முன்னால் தடித்த இறப்பர் பாய் ஒன்று போடுங்கள்.

இப்போது ஹீற்றர் வகைகள். 120 வோல்ற் சாதாரண சொக்கெற்றில் கொழுவும் எல்லா ஹீற்றரும், செராமிக் ஆனாலும், குவாற்ஸ் ஆனாலும், எண்ணெய் நிரப்பியது ஆனாலும், அதிகபட்சம் 1,500 வாற்தான். 1,500 வாற் என்றால் 5,100 பி.ரி.யு., அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. 40 டொலர் ஹீற்றரும் 300 டொலர் ஹீற்றரும் ஒரே சூட்டைத்தான் தரும். "1,000 சதுர அடியைச் சூடாக்கும்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதை வாசிக்காமல் கடந்துபோங்கள். வித்தியாசம் சூட்டின் அளவில் இல்லை. அது எப்படிப் பரவுகிறது என்பதில் மட்டும்தான்.

அந்த வித்தியாசம் சில வேளை பயன்படும். அகச்சிவப்பு ஹீற்றர் காற்றை விட்டுவிட்டு நேரே படும் பொருளையும் ஆளையும் சூடாக்கும். ஒரே இடத்தில் நின்று உளி தீட்டுவதற்கும் செதுக்குவதற்கும் நல்லது. ஆனால் அதன் குவாற்ஸ் குழாய் செந்தணலாக இருக்கும். மரத்தூள் பறக்கும் இடத்தில் அதை வைக்கக்கூடாது. எண்ணெய் ரேடியேற்றருக்குக் காற்றாடி இல்லை, சிவக்கும் கம்பி இல்லை, மேற்பரப்புச் சூடும் குறைவு. மெதுவாகத்தான் சூடாக்கும் என்பதால் வேலை நேரத்துக்கு உதவாது. ஆனால் அடைத்த கராஜை வாரம் முழுவதும் உறையாமல் வைத்திருக்க, நீரில் கரையும் வார்னிஷும் பசையும் கெட்டுப்போகாமல் காக்க, அதைவிடச் சாந்தமான சாமான் இல்லை.

120 வோல்ற்றில் உண்மையான தலையிடி வேறு இடத்தில் இருக்கிறது. 1,500 வாற் என்றால் 12.5 அம்பியர். 15 அம்பியர் பிறேக்கரில் தொடர்ந்து இழுக்கக்கூடியது 12 அம்பியர் என்பதுதான் விதி. அதாவது அந்த ஒரு ஹீற்றரே சேர்க்கிற்றை நிரப்பிவிடும். அதே சேர்க்கிற்றில்தான் பெரும்பாலும் கதவு மோட்டர், விளக்குகள், சில வீடுகளில் மேலதிக ஃபிறீசரும் இருக்கும். ரேபிள் சோ என்ற மேசை வாளைத் தட்டினவுடன் பிறேக்கர் விழும். பிறேக்கர் விழுவது நல்லது. அது தன் வேலையைச் செய்கிறது. பயப்படவேண்டியது விழாமல் சூடாகும் இடங்களுக்கு: பிளக்கும் சொக்கெற்றும் தொடும் இடம், எக்ஸ்ரென்சன் வயர்.

50 அடி நீளமான, 16 கேஜ் (வயரின் தடிப்பைக் குறிக்கும் எண்) எக்ஸ்ரென்சன் வயரில் போகும் பாதையும் வரும் பாதையும் சேர்த்து 0.4 ஓம் தடை. 12.5 அம்பியர் போனால் அந்த வயருக்குள்ளேயே 60 வாற்றுக்கு மேல் சூடு உண்டாகும். நீட்டி விரித்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். சுருட்டிய நிலையில் கொக்கியில் தொங்கவிட்டால் நடுச் சுருளில் சூடு தேங்கி உறை இளகும். ஹீற்றருக்கு எக்ஸ்ரென்சன் வேண்டாம் என்று எல்லாக் கைநூலிலும் இருப்பது இதனால்தான்.

பிளக்கைப் பார்க்கும் முறை: ஹீற்றரை ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் ஓடவிட்டு, பிளக்கின் முதுகில் விரலை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பிளக்கைக் கழற்றும்போது சொக்கெற் அதை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். லேசாக வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே உள்ள பித்தளை நாக்கு தளர்ந்துவிட்டது. பித்தளைக் கால்களில் ஒன்று மட்டும் மங்கிப் பழுப்பாகியிருக்கும், அதைச் சுற்றிய பிளாஸ்ரிக் சற்று மினுமினுத்து இளகின மாதிரித் தெரியும். அது ஹீற்றரின் பிழை அல்ல, சொக்கெற்றின் பிழை. புதிய ஹீற்றர் வாங்கினாலும் அதே இடம் திரும்ப எரியும். சொக்கெற்றை மாற்றவேண்டும், பின்புறம் குத்திச் செருகும் வகையாக அல்லாமல், திருகாணியால் இறுக்கும் வகையாக.

ஆகவே 240. 4,800 வாற் ஹீற்றர் 240 வோல்ற்றில் 20 அம்பியர் இழுக்கும், 5,000 வாற் கிட்டத்தட்ட 21. தொடர்ச்சியான சுமைக்குக் கால் பங்கு கூட்டினால் 25, 26 அம்பியர் வரும். அதனால் 30 அம்பியர் இரட்டைப் பிறேக்கர், 10 கேஜ் செப்பு வயர், ஒரே ஒரு சொக்கெற். நகர்த்தக்கூடிய ஹீற்றர்களில் பலவற்றுக்கு நேமா 6-30 என்ற மூன்று கால் பிளக் வரும். உடுப்புக் காயவைக்கும் மெசினின் சொக்கெற் 14-30, நாலு துளை; இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஹீற்றரின் பிளக்கை வெட்டி டிரையர் பிளக் பூட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். செய்யாதீர்கள், ஹீற்றரின் சான்றிதழும் உத்தரவாதமும் அந்த வெட்டோடு போய்விடும், விபத்து நடந்தால் வீட்டுக் காப்புறுதியிலும் கேள்வி வரும். வாங்குவதற்கு முன் பிளக் எண்ணைப் பார்த்து, அதே எண் சொக்கெற்றை எலெக்ரீசியனிடம் போடச் சொல்லுங்கள்.

ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைப் பிடியுங்கள். அவர் ஈ.எஸ்.ஏ. எனப்படும் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுத்துத்தான் செய்யவேண்டும்; அந்த அறிவித்தல் இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும் நாளிலும் அது உதவும். மின் பெட்டி 100 அம்பியர் என்றால், மின்சார அடுப்பு, டிரையர், ஏசி, மின்சாரக் கார் சார்ஜர் எல்லாவற்றையும் கூட்டிச் சுமைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இடம் இல்லாவிட்டால் 3,000 வாற்றுக்கும் மாற்றி வைக்கக்கூடிய ஹீற்றரை எடுங்கள். அடைத்த கராஜுக்கு மேலே உள்ள கணக்கின்படி அதுவே போதும், சூடேற மட்டும் கூட நேரம் எடுக்கும்.

புறொப்பேன் ஏன் வேண்டாம் என்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் காபன் மொனொக்சைட். அது முற்றிலும் உண்மை. மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி, வாந்தி, மயக்கம் என்று வரும்போது எழுந்து வெளியே போகும் தெளிவே போய்விடும். வீட்டோடு ஒட்டிய கராஜில் அது உங்களோடு நின்றுவிடாது. கதவிடுக்கால் உள்ளே நித்திரை கொள்ளும் பிள்ளைகளிடம் போகும். "ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும்" என்று சில ஹீற்றர்களில் எழுதியிருக்கும். அந்தச் சென்சர் ஒட்சிசனைத்தான் பார்க்கிறது, காபன் மொனொக்சைட்டை அளக்கவில்லை. பர்னரில் மரத்தூள் அடைத்து அரைகுறையாக எரிந்தால், ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதே நஞ்சு கூடலாம். மரவேலை செய்யும் இடத்தில் பர்னரில் தூள் அடைக்காமல் எப்படி இருக்கும்?

அதிகம் பேசப்படாத இரண்டாவது காரணம் தண்ணீர். புறொப்பேன் எரிந்தால் நீராவி வரும். ஒரு கிலோ புறொப்பேனுக்கு 1.6 கிலோவுக்கு மேல் தண்ணீர். பாபெக்யூவின் 20 இறாத்தல் சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்து முடிந்தால் உங்கள் கராஜுக்குள் ஏறக்குறைய 15 லீற்றர் தண்ணீர் ஊற்றிய மாதிரி. 18,000 பி.ரி.யு. ஹீற்றர் மணிக்கு 600 கிராமுக்கு மேல் நீராவியை விடும். உங்கள் கராஜில் உள்ள காற்று முழுவதும் 12 பாகையில் தாங்கக்கூடிய ஈரம் 1,100 கிராம் அளவுதான். இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். மிச்சம் எங்கே போகும்? ஆகக் குளிர்ந்த இடத்துக்கு: இன்னும் சூடேறாத ரேபிள் சோவின் வார்ப்பிரும்பு மேற்பரப்புக்கு, ரம்பத் தட்டுக்கு, உளிகளுக்கு. முதலில் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கும். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் செம்மஞ்சள் புள்ளிகளாகக் கறள் பிடித்திருக்கும். யன்னலைத் திறந்து ஈரத்தை வெளியேற்றினால் சூடும் சேர்ந்து போகும்.

மலிவா என்றால் அதுவும் இல்லை. 20 இறாத்தல் சிலிண்டரில் 430,000 பி.ரி.யு. இருக்கிறது, மின்சாரத்தில் 126 யூனிற் (கிலோவாற் மணி). யூனிற்றுக்கு எல்லாம் சேர்த்து 15 சதம் என்று வைத்தால் 19 டொலர். நீங்கள் சிலிண்டர் நிரப்பக் கொடுக்கும் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டட வேலைத்தளங்களில் உறுமிக்கொண்டு எரியும் நீளக் குழாய் ஹீற்றர்கள், புறொப்பேனோ மண்ணெண்ணெயோ, நன்றாகக் காற்றோட்டம் உள்ள பெரிய திறந்த இடங்களுக்குச் செய்யப்பட்டவை. மண்ணெண்ணெய் வகை மணமும் விடும், மரத்தின்மேல் எண்ணெய்ப் படலமும் விடும். பிறகு பூசும் வார்னிஷில் மீன் கண் போல வட்டக் குழிகள் விழும். புறொப்பேன் சிலிண்டரைக் கராஜுக்குள் வைத்திருப்பதே பிழை. அந்த வாயு காற்றிலும் பாரம் கூடியது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். அது வெளியில்தான் இருக்கவேண்டும், நிமிர்த்தி.

தரையோடு படர்வது என்ற இதே விடயம் மின்சார ஹீற்றருக்கும் ஒரு நிபந்தனை போடுகிறது, அதை மறைக்காமல் சொல்லவேண்டும். பெற்றோல் ஆவியும் காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம். அதனால்தான் கராஜில் பொறியோ சுவாலையோ வரக்கூடிய சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் வைக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. நகர்த்தும் ஹீற்றரோ தரையில் உட்கார்ந்திருக்கிறது. வேலை நேரத்தில் பெற்றோல் கார் வெளியே நிற்கும், புல்வெட்டியும் பெற்றோல் கானும் வேறு கொட்டிலில் இருக்கும் என்றால் நகர்த்தும் ஹீற்றர் சரி. கார் உள்ளேயே நிற்கும், அதன் கீழே படுத்து வேலை செய்வேன் என்றால், நகர்த்தும் ஹீற்றரை மறந்துவிட்டு அதே 5,000 வாற்றில் கூரையில் தொங்கும் வகையை வாங்குங்கள். விலை பெரிதாக வேறுபடாது, தரையில் இடமும் மிஞ்சும், காலில் வயரும் இடறாது. உண்மையில் பெரும்பாலான கராஜ்களுக்கு அதுதான் என் தெரிவு. நகர்த்தும் வகைக்கு ஒரே நல்ல காரணம், கோடையில் எடுத்துவைக்கலாம் அல்லது வீடு மாறும்போது கொண்டுபோகலாம் என்பது.

எரிபொருள் குழாய் வேலை, லக்கர் அடிப்பது, அசிற்றோன் பாவிப்பது ஆகிய மூன்று நேரங்களிலும் எந்த ஹீற்றரும் ஓடக்கூடாது. அசிற்றோன் ஆவி மறை 20 பாகையிலேயே தீப்பிடிக்கக்கூடியது, பெற்றோல் மறை 40க்கும் கீழே. கராஜ் குளிராக இருக்கிறது என்பது பாதுகாப்பு அல்ல. முதலில் அறையைச் சூடாக்கி, ஹீற்றரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் ஆறவிட்டு, கதவைத் திறந்து பூசுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியை உருண்டையாகச் சுருட்டி ஹீற்றருக்குப் பக்கத்தில் எறிவது தீ மூட்டுவதற்குச் சமம். அது ஹீற்றர் இல்லாமலே தானாகச் சூடேறிப் பற்றும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது முன் வலைக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே வெறும் சுருள் கம்பி தெரிகிறதா, அல்லது உலோகக் குழாயைச் சுற்றித் தகட்டுச் செதில்கள் தெரிகின்றனவா? செதில் குழாய்தான் வேண்டும். வெறும் கம்பி சிவந்து எரியும், தூள் பட்டால் பொறி பறக்கும். குழாய் வகையில் கம்பி உறைக்குள் இருக்கிறது, மேற்பரப்புச் சூடும் குறைவு. அடுத்தது, அணைத்த பிறகும் காற்றாடி ஓரிரு நிமிடம் ஓடி உள்ளே மிஞ்சிய சூட்டைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளாவிட்டால் மோட்டரின் பெயாரிங் சீக்கிரம் உலர்ந்து கீச்சிடும். விழுந்தால் அணையும் சுவிச்சும், கூடச் சூடானால் அணையும் காவலும் இல்லாததை வாங்கவேண்டாம். தேர்மோஸ்ரற் 5 பாகை அளவுக்குக் கீழிறங்கவேண்டும். 15க்குக் கீழே போகாத வீட்டு வகை கராஜில் காசைத்தான் எரிக்கும். சி.எஸ்.ஏ. அல்லது கனடாவுக்குரிய யூ.எல். என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை உடலில் அச்சிட்டிருக்கவேண்டும். இணையத்தில் வாங்கும் பெயர் தெரியாத பெட்டிகளில் பலவற்றில் அது இருக்காது.

ஓடவிடும் முறையும் செலவும். வேலைக்கு 45 நிமிடம் முன்பே போடுங்கள், ஆனால் ஆள் வீட்டில் இருக்கும்போது மட்டும். முன்னால் ஒரு மீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும். கதவை நோக்கியோ மரத்தூள் மூட்டையை நோக்கியோ திருப்பாமல், அறையின் நீளப் பக்கமாகக் காற்று சுழலும்படி வையுங்கள். அடைத்த கராஜில் முதல் ஒரு மணி நேரம் 5 யூனிற், அடுத்த மூன்று மணி நேரம் தலா 2 அல்லது 2.5. நாலு மணி நேர ஓட்டத்துக்கு 12 யூனிற் அளவில், அதே 15 சதக் கணக்கில் இரண்டு டொலருக்குள். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருந்தால் சனி ஞாயிறு முழுவதும் குறைந்த கட்டணம் என்பதால் உங்கள் வேலை நாட்கள் வசதியாக அமைந்திருக்கின்றன. தூள் உறிஞ்சும் மெசினின் காற்று வெளிவிடும் வாயை வெளியே விட்டிருந்தால் அது சூடான காற்றை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கன அடியாக வெளியேற்றும். குளிர்காலத்துக்கு மட்டும் நல்ல வடிகட்டியோடு உள்ளேயே சுழலவிடுங்கள்.

பனியில் தோய்ந்த காரை ஹீற்றர் ஓடும்போது உள்ளே கொண்டுவந்தால், உருகும் சிநோ புறொப்பேன் செய்யும் அதே ஈர வேலையைச் செய்யும். வேலை நாளில் கார் வெளியே நிற்கட்டும். வார்ப்பிரும்பு மேசைகளுக்குப் பேஸ்ற் மெழுகு பூசி, வேலை முடிந்ததும் ஒரு கம்பளத் துண்டால் மூடிவிடுங்கள். மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹீற்றரின் பின்வலையில் படிந்த தூளைத் தூரிகையாலும் வாக்குவத்தாலும் எடுங்கள். அமுக்கிய காற்றால் முன்னிருந்து ஊதினால் தூள் மோட்டருக்குள்தான் போகும்.

வீட்டுக்குள் போகும் கதவைத் திறந்துவைத்து வீட்டு ஃபேர்னஸ் சூட்டைக் கராஜுக்கு இரவல் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கதவு இடைவெளியின்றி மூடவேண்டும், தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும் என்று கட்டட விதி சொல்வது கராஜின் ஆவிகள் வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான். இணைந்த கராஜ் உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் சட்டப்படி கட்டாயம். அதன் முதுகில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும், ஹீற்றர் வாங்கும் அதே நாளில் அதையும் கழற்றிப் பாருங்கள்.

வாடகை வீடு, 240 வோல்ற் போட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார் என்றால்: கதவு இடுக்குகளை அடைத்து, 1,500 வாற் எண்ணெய் ரேடியேற்றரை, மெதுவாகத்தான் சூடாக்கும் என்பதால் வேலைக்கு நன்றாக முன்பே, நேரே சுவர்ச் சொக்கெற்றில், அந்தச் சேர்க்கிற்றில் வேறு பாரம் எதுவும் இல்லாமல் ஓடவிடுங்கள். ரேபிள் சோவுக்கு வேறு பிறேக்கரில் உள்ள சொக்கெற் வேண்டும். பிறேக்கரை ஒவ்வொன்றாக அணைத்து எந்தச் சொக்கெற் எதில் இருக்கிறது என்று பார்த்து மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். பலகை வெட்டுவது கராஜில், பசை ஒட்டி கிளாம்ப் போடுவது பேஸ்மன்ற்றில். கடுங்குளிர் நாட்களில் இது போதாது. அந்த நாட்களில் உளி தீட்டும் வேலையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.